வெப்கேம்ல எடுத்த வியாழன் படம் எப்படி அவ்ளோ தெளிவா வருது?

மொட்டை மாடியில டெலஸ்கோப் வச்சு எடுத்த வியாழன் படத்தை யார்கிட்ட காட்டினாலும் மூணு கேள்வி வந்துரும். இது நிஜமாவே எடுத்ததா இல்ல கம்ப்யூட்டர்ல பண்ணினதா, நிஜம்னா எத்தனை மடங்கு ஸூம், கேமரா என்ன விலை. வெப்கேம்னு சொன்ன உடனே சந்தேகம் இன்னும் கூடும், வீடியோ கால் பேசுற சின்ன டப்பால வியாழனோட மேகப் பட்டைகளும் பெரிய சிவப்புப் புள்ளிங்கிற அந்தப் புயலும் எப்படி வரும்னு கேப்பாங்க. நியாயமான சந்தேகம்தான். ஆனா அது வெப்கேம்ங்கிறதாலதான் அப்படி வருது, விலை கூடின கேமராவுல ஒரே ஒரு ஃபோட்டோ எடுத்திருந்தா வந்திருக்காது. ஏன்னு முதல்ல இருந்து சொல்றேன், டெலஸ்கோப்பை தொட்டே பாக்காதவங்களுக்கும் புரியுற மாதிரி.

வியாழன் வானத்துல எவ்ளோ பெருசு

வானத்துல தெரியுற பொருளோட அளவை கோணத்துலதான் சொல்லணும். ஒரு டிகிரியை 3600 பங்கு போட்டா அதுல ஒரு பங்குக்குப் பேர் ஆர்க்செகண்ட். முழு நிலா குறுக்கால சுமாரா 1800 ஆர்க்செகண்ட். வியாழன் நமக்குக் கிட்ட வர்ற மாசங்கள்ல 45-ல இருந்து 50 வரைக்கும் வரும், அதாவது நிலாவுக்குக் குறுக்கால நாப்பது வியாழனை வரிசையா வைக்கலாம். சனி சுமாரா 20, வளையத்தையும் சேர்த்தா 45 பக்கம். செவ்வாய் 2003 ஆகஸ்ட்ல ரொம்பக் கிட்ட வந்தப்ப 25 வரைக்கும் போச்சு, மத்தபடி பெரும்பாலான நாள் 10-க்குள்ளதான் கிடக்கும்.

இப்ப ஒரு 8 இன்ச் டெலஸ்கோப்பை, அதாவது 8 இன்ச் அகலக் கண்ணாடி இருக்கிறதை, எடுத்துக்கோங்க, ஃபோகல் லெங்த் 1200 மில்லிமீட்டர். ஃபோகல் லெங்த்னா கண்ணாடியில பட்ட வெளிச்சம் ஒண்ணுகூடி பிம்பமாகுற தூரம், அது நீளமானா பிம்பம் பெருசாகும். இந்த டெலஸ்கோப்ல வியாழனோட பிம்பம் குறுக்கால கால் மில்லிமீட்டர், அவ்ளோதான். 24 மெகாபிக்சல் கேமராவை மாட்டினாலும் அந்தக் கால் மில்லிமீட்டர்ல விழுற கொஞ்சம் பிக்சல்தான் வேலைக்கு ஆகும், மீதி அத்தனையும் கருப்பு வானம். பழைய வெப்கேம்ல ஒரு பிக்சலோட அகலம் 5.6 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்), அந்தக் கணக்குல வியாழனுக்கு 47 பிக்சல் கிடைக்கும். நடுவுல ஒரு பார்லோ லென்ஸ், அதாவது ஃபோகல் லெங்த்தை ரெண்டு மூணு மடங்கா நீட்டிக் குடுக்குற சின்ன லென்ஸ், மாட்டினா 47 பிக்சல் 140 ஆகும்.

சரி, இன்னும் நீட்டிக்கிட்டே போனா? படம் பெருசாகும், ஆனா புதுசா ஒண்ணும் தெரியாது. பக்கத்துல பக்கத்துல இருக்கிற ரெண்டு புள்ளியை தனித்தனியா பிரிச்சுக் காட்டுற சக்தி டெலஸ்கோப்போட அகலத்தைப் பொறுத்தது, 8 இன்ச்சுக்கு அது சுமாரா 0.6 ஆர்க்செகண்ட். அதுக்குக் கீழ இருக்கிற எந்த விவரமும் அந்த பிம்பத்துலயே கிடையாது, இல்லாததை எந்த ஸூமும் கொண்டு வர முடியாது.

இதுவரைக்கும் பாத்ததுல மெகாபிக்சலுக்கு இங்க வேலை இல்ல, ஸூமுக்கு ஒரு எல்லை இருக்கு, விவரத்தை முடிவு பண்றது டெலஸ்கோப்போட அகலம். அகலம் மட்டும்தான் காரணம்னா 8 இன்ச் வச்சிருக்கிற எல்லாரும் ஒரே மாதிரி படம் எடுக்கணுமே, அப்படி நடக்கிறதில்ல. நடுவுல காத்து இருக்கு.

காத்து பண்ற வேலை

சித்திரை மாசம் மத்தியானம், பைபாஸ்ல பஸ்ஸுக்கு நிக்கிறீங்க. தூரத்துல ஒரு பஸ் வருது, தார் ரோட்டுக்கு மேல காத்து நெளியுது, முன்னாடி இருக்கிற போர்டுல எழுத்து எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்து ஆடுது, மேலூரா மேலப்பாளையமா ஒண்ணும் புரியல. கண்ணை எடுக்காம பாத்துக்கிட்டே இருந்தா நடுவுல ஒரே ஒரு கணம் எழுத்து அத்தனையும் அததோட இடத்துல வந்து நிக்கும், 'மேலூர்'னு படிச்சிருவீங்க, அடுத்த கணமே மறுபடி கலைஞ்சிரும்.

டெலஸ்கோப்ல வியாழனைப் பாக்குறப்ப நடக்குறது கிட்டத்தட்ட இதேதான். சூடான காத்தும் குளிர்ந்த காத்தும் வெளிச்சத்தை வேற வேற அளவுக்கு வளைக்கும், வியாழன்ல இருந்து வர்ற வெளிச்சம் அந்த ரெண்டும் கலந்து ஓடுற அடுக்குகளைத் தாண்டித்தான் நம்மகிட்ட வரணும். காத்து எவ்ளோ அமைதியா இருக்குங்கிறதை வானம் பாக்குறவங்க சீயிங்னு சொல்லுவாங்க. சீயிங் மோசமான ராத்திரியில 16 இன்ச் டெலஸ்கோப்பும் 6 இன்ச் டெலஸ்கோப்பும் காட்டுறதுல பெரிய வித்தியாசம் இருக்காது.

இங்கதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. நட்சத்திரம் எல்லாம் பளிச் பளிச்னு மின்னுது, வானம் கண்ணாடி மாதிரி இருக்கு, இன்னிக்கு படம் எடுக்க அருமையான நாள்னு நினைப்பாங்க. மின்னுதுன்னாலே மேல காத்து கலங்கிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், கிரகத்துக்கு அது ஆகாத நாள். லேசா மங்கலா, மூடாக்கு மாதிரி, ஒரு இலைகூட அசையாம புழுக்கமா இருக்கிற ராத்திரிதான் பல நேரம் பிரமாதமா அமையும். ஊர் வெளிச்சம் பத்தியும் கவலைப்பட வேண்டாம், மங்கலான நெபுலா, கேலக்ஸி எடுக்கத்தான் இருட்டான ஊர் வேணும். வியாழனும் சனியும் நகரத்து நடுவுல இருந்தே நல்லா வரும்.

அந்த ஒரு கணத்தை எப்படிப் பிடிக்கிறது

பஸ் போர்டை உங்க கண்ணு எப்படிப் படிச்சுது? கலைஞ்சு இருந்த நேரத்தை எல்லாம் விட்டுட்டு, தெளிஞ்ச கணத்தை மட்டும் மனசு எடுத்துக்கிச்சு. கேமராவுல ரெண்டு செகண்டு எக்ஸ்போஷர், அதாவது வெளிச்சத்தைப் பதிவு பண்ற சென்சாரை ரெண்டு செகண்டு திறந்து வச்சு ஒரு ஃபோட்டோ எடுத்தா, கலைஞ்சது தெளிஞ்சது எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு பூசி வெறும் திட்டாத்தான் வரும். அதே கேமராவுல செகண்டுக்கு அம்பதுல ஒரு பங்கு மட்டும் திறந்து மூடினா, அந்தத் துளி நேரத்துல காத்து எப்படி இருந்துச்சோ அப்படியே பதிவாகும். பெரும்பாலும் கோணலா இருக்கும், எப்பவாவது ஒண்ணு தெளிவா இருக்கும். நிறைய எடுத்து அந்த தெளிவானதை மட்டும் பொறுக்கி எடுக்கிற முறைக்கு லக்கி இமேஜிங்னு பேர்.

லக்னு பேர் இருந்தாலும் இதுக்குக் கணக்கு இருக்கு. டேவிட் ஃப்ரீட்ங்கிற விஞ்ஞானி 1978-ல அந்த வாய்ப்பைக் கணக்குப் போட்டு வச்சிட்டார். காத்துல எவ்ளோ அகலத்துக்கு ஒரே சீரா இருக்குன்னு ஒரு அளவு எடுத்துக்கணும், உங்க டெலஸ்கோப் அகலம் அதைப்போல எத்தனை மடங்குன்னு பாக்கணும். 20 சென்டிமீட்டர், அதாவது 8 இன்ச் டெலஸ்கோப், காத்து 4 சென்டிமீட்டர் அகலத்துக்கு சீரா இருந்தா சுமாரா ஒம்பது ஃப்ரேமுக்கு, அதாவது இப்படி எடுத்த ஒம்பது சின்ன எக்ஸ்போஷர் படத்துக்கு, ஒண்ணு நல்லா வரும். 3 சென்டிமீட்டர்னா நூத்தி எம்பதுக்கு ஒண்ணு. 2 சென்டிமீட்டருக்கு இறங்கிட்டா பத்து லட்சத்துக்கு ஒண்ணு. அந்தக் கடைசி நம்பரைப் பாத்தா சில ராத்திரி எத்தனை மணி நேரம் உக்காந்தாலும் ஏன் ஒண்ணும் தேறாதுன்னு புரியும், அன்னிக்கு கேமராவை மாத்தி பிரயோஜனம் இல்ல, டெலஸ்கோப்பை உள்ள வச்சிட்டு படுத்துக்கலாம்.

வெப்கேம் இங்க எப்படி வந்துச்சு

சின்னச் சின்ன எக்ஸ்போஷரா ஆயிரக்கணக்குல எடுக்கணும், கம்ப்யூட்டர்ல அப்படியே சேமிக்கணும், விலையும் கம்மியா இருக்கணும். இதுக்கு வெப்கேமை விட பொருத்தமா எது இருக்கு? 2000-த்தை ஒட்டி பிலிப்ஸ் டூயூகேம் ப்ரோன்னு ஒரு வெப்கேம் வந்துச்சு, உள்ள சோனியோட சிசிடி சென்சார், 640-க்கு 480 பிக்சல்தான். முன்னாடி இருக்கிற லென்ஸைத் திருகிக் கழட்டிட்டு, ஐபீஸ் வைக்கிற ஓட்டையில வெப்கேமை மாட்டி, உலகம் பூரா ஆளுங்க வீட்டுல இருந்தே கிரகம் எடுக்க ஆரம்பிச்சாங்க. ஐபீஸ்னா நாம கண்ணை வச்சுப் பாக்குற லென்ஸ், அதோட குழாய் 1.25 இன்ச், அந்தக் காலத்து ஃபிலிம் ரோல் டப்பா அந்த ஓட்டையில கிட்டத்தட்ட கச்சிதமா உக்காரும், அதையே அடாப்டரா ஒட்டினவங்க உண்டு. 2002-ல கோர் பெரெவொட்ஸ்ங்கிற நெதர்லாந்துக்காரர் ரெஜிஸ்டாக்ஸ்னு ஒரு ப்ரோக்ராமை இலவசமா வெளியிட்டார், வீடியோவைக் குடுத்தா நல்ல ஃப்ரேமைத் தேர்ந்தெடுத்து அதுவே ஒண்ணு சேர்க்கும். இப்ப பெரும்பாலானவங்க எமில் க்ராய்காம்ப் எழுதின ஆட்டோஸ்டாக்கர்ட் பயன்படுத்துறாங்க. கேமராவும் மாறிடுச்சு, இதுக்குன்னே செஞ்ச, சிமாஸ்ங்கிற வேற வகை சென்சார் வச்ச சின்ன கேமரா செகண்டுக்கு நூறு ஃப்ரேமுக்கு மேல தள்ளுது, ஆனா வேலை செய்யுற விதம் அன்னிக்கு வெப்கேம்ல பண்ணினதேதான்.

லென்ஸைக் கழட்டுறப்ப ஒண்ணு கவனிக்கணும். நிறைய வெப்கேம்ல அகச்சிவப்பு வெளிச்சத்தைத் தடுக்குற ஃபில்டர் அந்த லென்ஸோடயே ஒட்டி இருக்கும், லென்ஸ் போனா அதுவும் போயிரும், அப்புறம் கலர் எல்லாம் ஒரு மாதிரி வெளுத்துத் தெரியும். ஐஆர் கட் ஃபில்டர்னு தனியா கிடைக்குது, முன்னாடி மாட்டிக்கணும்.

ஸ்டாக்கிங்னா என்ன நடக்குது

இதுதான் ரொம்பத் தப்பா புரிஞ்சுக்கப்பட்ட இடம், அதனால கொஞ்சம் நிதானமா பாப்போம். ஸ்டாக்கிங்னா பல ஃப்ரேம்ல இருக்கிற கிரகத்தை ஒண்ணு மேல ஒண்ணு சரியா பொருத்தி, ஒவ்வொரு பிக்சலுக்கும் சராசரி எடுக்கிறது. ப்ரோக்ராம் எதையும் வரையுறதில்ல, கற்பனை பண்றதும் இல்ல.

நல்ல ஃப்ரேம் ஒண்ணு கிடைச்சா போதாதா, எதுக்கு சராசரி? அந்த நல்ல ஃப்ரேமைப் பெருசாக்கிப் பாருங்க, உருவம் சரியா இருக்கும் ஆனா மேல பூரா மணல் தூவின மாதிரி புள்ளி புள்ளியா இருக்கும். அதுதான் நாய்ஸ், அதாவது வெளிச்சம் கம்மியா இருக்கிறதாலயும் சென்சாரோட குறையாலயும் ஒவ்வொரு பிக்சல்லயும் வர்ற தாறுமாறான ஏத்த இறக்கம். வியாழனோட ஒரு பட்டையில ஒரு பிக்சலை எடுத்துக்கோங்க, அதோட உண்மையான வெளிச்ச அளவு 100-னு வச்சுப்போம். முதல் ஃப்ரேம்ல அது 91-னு பதிவாகும், அடுத்ததுல 108, அப்புறம் 103, 88, 112, 97. ஒண்ணுகூட 100 இல்ல. ஆறையும் கூட்டினா 599, ஆறால வகுத்தா 99.8. ஆறு ஃப்ரேமுக்கே இப்படி வந்து நிக்குதுன்னா ஐநூறு ஃப்ரேமுக்கு யோசிச்சுப் பாருங்க. உண்மையான வெளிச்சம் எல்லா ஃப்ரேம்லயும் ஒண்ணுதான், அதனால அது நிக்குது. நாய்ஸ் ஒரு தடவை கூடவும் ஒரு தடவை குறைவாவும் வர்றதால ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டுப் போயிருது.

இதுல ஒரு கணக்கு இருக்கு, நாய்ஸ் குறையுறது ஃப்ரேம் எண்ணிக்கையோட வர்க்கமூலத்துக்குத்தான். 100 ஃப்ரேம் சேர்த்தா 10 மடங்கு சுத்தம், 400 சேர்த்தா 20 மடங்கு. அதாவது சுத்தத்தை இன்னும் ரெண்டு மடங்காக்க நாலு மடங்கு ஃப்ரேம் வேணும், அவ்ளோ நல்ல ஃப்ரேம் எல்லா நாளும் கிடைக்காது, கலைஞ்ச ஃப்ரேமையும் சேர்க்க வேண்டி வரும், சேர்த்தா விவரம் மங்கும். ரெண்டாயிரம் ஃப்ரேம்ல மேல இருக்கிற இருவது சதவீதத்தை எடுக்கலாமா அம்பதை எடுக்கலாமாங்கிறது அன்னிக்கு சீயிங்கைப் பாத்து நாமளே முடிவு பண்ண வேண்டியது. என் கருத்து, சந்தேகம்னா கம்மியா எடுங்க.

ஆக, சின்ன எக்ஸ்போஷர் காத்தை ஏமாத்துது, தேர்ந்தெடுக்கிறது தெளிவான கணங்களை மட்டும் வச்சுக்குது, சராசரி நாய்ஸைக் கழிக்குது. மூணும் சேர்ந்தாதான் படம்.

ஷார்ப் பண்றது எதுக்கு

ஸ்டாக் பண்ணி முடிச்ச உடனே வர்ற படம் வழவழன்னு மங்கலா இருக்கும், முதல் தடவை பாக்குறவங்களுக்கு ஏமாத்தமா இருக்கும். விவரம் அதுக்குள்ளதான் இருக்கு, பக்கத்துப் பிக்சலுக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம் ரொம்ப லேசா இருக்கிறதால கண்ணுக்குத் தெரியல. வேவ்லெட்ங்கிற கருவி படத்தை சின்ன விவரம், நடுத்தர விவரம், பெரிய விவரம்னு அடுக்கடுக்கா பிரிச்சு, வேணுங்கிற அடுக்கோட வித்தியாசத்தை மட்டும் தூக்கிக் காட்டும். ஒத்த ஃப்ரேம்ல இதைப் பண்ணினா நாய்ஸும் சேர்ந்து எந்திரிக்கும், சராசரி எடுத்ததால நாய்ஸ் அடங்கி இருக்கு, அதனாலதான் இங்க பண்ண முடியுது.

கம்ப்யூட்டர்ல பண்ணினதான்னு கேக்குறவங்க சந்தேகப்பட வேண்டிய இடம்னு ஒண்ணு இருந்தா அது இதுதான். ஸ்லைடரை ரொம்பத் தள்ளினா நிஜத்துல இல்லாத கோடு முளைக்கும். செவ்வாயோட பிரகாசமான விளிம்புக்கு உள்பக்கமா தோல் உரிஞ்ச மாதிரி ஒரு கருப்பு வளைவு பல படங்கள்ல தெரியும், அது செவ்வாய்ல இல்ல, விளிம்புல வெளிச்சம் திடீர்னு அறுந்து போறதால வர்ற கோளாறு, ஷார்ப் பண்ணப் பண்ண அது கூடும்.

ரெண்டு நிமிஷம்தான் டைம்

நிறைய ஃப்ரேம் வேணும்னா அரை மணி நேரம் எடுக்கலாமேன்னு தோணும். வியாழன் விடாது, தன்னைத்தானே ஒரு சுத்து சுத்த அதுக்கு 10 மணி நேரத்துக்கும் கொஞ்சம் கம்மியாதான் ஆகுது. நடுவுல இருக்கிற ஒரு புள்ளி நிமிஷத்துக்கு கால் ஆர்க்செகண்டு நகர்ந்துருது, 8 இன்ச் டெலஸ்கோப்போட எல்லை 0.6-னு பாத்தோம், ரெண்டு நிமிஷத்தைத் தாண்டினா விவரம் இழுபட ஆரம்பிக்கும். சனியில பட்டைகள் மங்கல், அதனால கொஞ்சம் தாராளமா எடுக்கலாம். ஆனா அங்க விழுற சூரிய வெளிச்சம் வியாழன்ல விழுறதுல மூணுல ஒரு பங்குதான், எக்ஸ்போஷரைக் கூட்டணும். செவ்வாய் நம்ம பூமி மாதிரி 24 மணி நேரம் சொச்சம் எடுத்துச் சுத்துது, அவசரம் இல்ல.

நம்ம ஊர் மாடியில

டிராக்கிங், அதாவது வானம் நகர்றதுக்கு ஈடா தானா திரும்புற மோட்டார், இருந்தா சௌகரியம். இல்லாட்டியும் ஆரம்பிக்கலாம். பூமி சுத்துறதால கிரகம் செகண்டுக்கு 15 ஆர்க்செகண்டு நகரும், நாம பாத்த 8 இன்ச் டெலஸ்கோப்புல அந்த 640 பிக்சல் அகலத்தைக் கடக்க நாப்பது செகண்டு, 2 மடங்கு பார்லோ போட்டா இருவது. ஒரு ஓரத்துல கொண்டு வந்து விட்டுட்டு ரெக்கார்ட் பண்ணுங்க, மறு ஓரம் போனதும் திரும்ப இழுத்து வைங்க, ப்ரோக்ராம் எல்லாத்தையும் நடுவுல பொருத்திக்கும்.

தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் ஒரு பெரிய வசதி இருக்கு, நாம பூமத்திய ரேகைக்குப் பக்கம். கிரகங்கள் நமக்கு தலைக்கு மேலயே வரும், லண்டன்ல பல வருஷம் அடிவானத்தை ஒட்டிக் கிடக்கும். உச்சியில இருந்தா வெளிச்சம் தாண்டி வர்ற காத்தோட கனம் கம்மி. இங்கிலாந்துக்காரர் டேமியன் பீச், கிரகப் படத்துல உலகத்துலயே முன்னணியில இருக்கிறவர், நல்ல சீயிங்குக்காக பார்படாஸ் தீவுக்குப் போய் எடுத்திருக்கார், அந்தத் தீவோட அட்சரேகை கிட்டத்தட்ட சென்னையோடது.

ஆனா காத்து மேல மட்டும் இல்ல, காலடியிலயும் இருக்கு. பகல் பூரா வெயில் வாங்கின கான்கிரீட் தளம் ராத்திரி பத்து மணிக்கும் சூட்டைக் கக்கும், தண்ணி ஊத்தி விட்டாலும் முழுசா அடங்காது, விடிகாலை மூணு நாலு மணிதான் நல்ல நேரம். பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு மேலயோ ஏசி அவுட்டோர் யூனிட்டுக்கு மேலயோ பாக்காதீங்க. ஏசி ரூம்ல இருந்த டெலஸ்கோப்பை நேரா வெளிய கொண்டு வந்தா கண்ணாடி மேல பனி கட்டிக்கும், முக்கால் மணி நேரமாவது முன்னாடியே மாடியில வச்சிருங்க. பகல்ல சூரியன் பக்கம் டெலஸ்கோப்பைத் திருப்பவே கூடாது, கண்ணு போயிரும்.

படத்துல தெரியுறது நிஜம்னு எப்படி உறுதி பண்றது

ஒரு வீடியோவோட நிறுத்தாதீங்க, அஞ்சு பத்து நிமிஷம் விட்டு இன்னொண்ணு எடுத்து அதே மாதிரி தனியா ஸ்டாக் பண்ணுங்க. சந்தேகமான புள்ளி ரெண்டுலயும் இருக்கணும், வியாழனோட சேர்ந்து சுத்தின அளவுக்கு நகர்ந்தும் இருக்கணும். ஷார்ப் பண்ணினதால முளைச்சது இப்படி நகராது.

2009 ஜூலை 19-ல ஆஸ்திரேலியாவுல ஆன்டனி வெஸ்லி தன் வீட்டு 14.5 இன்ச் டெலஸ்கோப்ல வியாழனோட தென்துருவம் பக்கம் ஒரு கருப்புத் திட்டைப் பாத்தப்ப இந்தச் சோதனைதான் கை குடுத்துச்சு. அது கிரகத்தோட சேர்ந்து சுத்துச்சு, வியாழனைச் சுத்துற நிலவு ஒண்ணோட நிழல்னா அப்படிப் போகாது. வெஸ்லி தகவல் சொன்னதும் ஹவாயில இருக்கிற நாசாவோட அகச்சிவப்பு டெலஸ்கோப் பாத்து, ஏதோ ஒண்ணு வியாழன்ல மோதின தடம்னு உறுதியாச்சு, நாலே நாள்ல விண்வெளியில இருக்கிற ஹப்பிள் டெலஸ்கோப்பும் அதைப் படம் எடுத்துச்சு. அதுக்கு மூணு வருஷம் முன்னாடி, 2006 பிப்ரவரியில, பிலிப்பைன்ஸ் செபுல இருந்து கிறிஸ்டோபர் கோ வியாழனோட ஒரு வெள்ளைப் புயல் சிவப்பா மாறினதைக் கண்டுபிடிச்சார். செபு நம்ம திண்டுக்கல் அட்சரேகைதான். 2010 ஜூன் 3-ல வியாழன்ல ஒரு கல் விழுந்து ரெண்டு செகண்டு பளிச்னு எரிஞ்சப்ப, வெஸ்லி வீடியோலயும் கோ வீடியோலயும் ஒரே நேரத்துல அது பதிவாயிருந்துச்சு. அப்ப ஒத்தை ஒத்தையா ஃபோட்டோ எடுத்துக்கிட்டு இருந்தவங்களுக்கு அது சிக்கியிருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி.

அதனால ஃபைல் பேர்லயே நேரத்தைப் போட்டு வைங்க, வீடியோவோட நடு நேரத்தை, யூடிசிங்கிற உலகப் பொது நேரக் கணக்குல. நம்ம நேரத்துல இருந்து அஞ்சரை மணி நேரம் கழிக்கணும், ராத்திரி 10.15-க்கு எடுத்தா 16.45. விடிகாலை மூணு மணிக்கு எடுத்தா தேதியும் ஒரு நாள் பின்னாடி போகும், அதைப் பாத்துக்கோங்க. வியாழனைச் சுத்தி ஆராயப் போன ஜூனோ விண்கலத்தோட குழு தன் கேமராவை எங்க திருப்பலாம்னு பாக்க நம்மள மாதிரி ஆளுங்க எடுத்த படங்களைக் கேட்டு வாங்கி வச்சுது, நேரம் எழுதாத படத்துல வியாழனோட எந்தப் பக்கம் தெரியுதுன்னு அவங்களால கணக்குப் போட முடியாது.